ஒரு நிமிஷ ரீல்ஸ்

“யூடியூப்ல உங்க குரலுக்காகவே அரை மணி நேரம் உட்கார்ந்து கதை கேக்கறாங்க. ரீல்ஸ்ல மட்டும் ஏம்மா ஈ ஓட்டறோம்? இந்த வாரமும் ஓடலைன்னா உங்க தொடரையே நிறுத்தச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க,” என்றார் மேலாளர்.

கதைசொல்லி அந்த வாரக் கதையை, வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்யும் தன் கணவரிடம் கொடுத்தாள். அவர் ஒரு நிமிஷமாக வெட்டித் தந்ததைப் பார்த்ததும் அலுவலக எடிட்டர் சிரித்தான்.

“என்னக்கா, வெறும் முகமும் பெரிய எழுத்துமா இருக்கு, உங்க குரலையே காணோம்? வீட்டுக்காரருக்கு உங்க பேச்சு அலுத்துப்போச்சா?”

“நீ அப்படியே ஏத்துப்பா,” என்றாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்புவதற்குள் பார்த்தவர்கள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. மேலாளரே ஃபோன் செய்தார்.

“தொடர் பிழைச்சுதும்மா. பஸ்ல, ஆபீஸ்ல எல்லாரும் சத்தத்தை அணைச்சுட்டுதான் ரீல்ஸ் பாக்கறாங்களாம். நமக்கு இது உறைக்கவே இல்லையே. இனிமே ரீல்ஸெல்லாம் உங்க வீட்டுக்காரர் பொறுப்பு. ஃபோனை அவர்கிட்ட குடுங்க, எல்லாரும் கைதட்டக் காத்துக்கிட்டிருக்கோம்.”

“வீடியோ கால்ல வாங்க சார்,” என்றாள் அவள். “அவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேக்காது. நீங்க கைதட்டறதை அவர் கண்ணால பாக்கணும்.”