புரொப்பெல்லரில் சுற்றிய பட்டு

படகு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

பேராசிரியர் லூடர்ஸ் பதறவில்லை. என்ஜின் சாவியைக் கழற்றினார். நீளக் கொம்பால் படகைக் கரையோரம் தள்ளி, ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டினார். புரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்தக் கால்வாயில் இது சகஜம், கயிறோ சாக்கோ இருக்கும் என்றார்.

குருமூர்த்தி தலையாட்டினான்.

சாவியை அவன் கையில் கொடுத்தார். தன் கை தண்ணீருக்குள் இருக்கும்போது யாராவது என்ஜினைக் கிளப்பிவிட்டால் விரல் மிஞ்சாது, அதனால் நீயே வைத்துக்கொள் என்றார். ஆய்வுக்கூடத்தில் உலையைக்கூட அவர் அவனிடம் தனியாக விட்டதில்லை.

ஹனோவரில் அந்த உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை யாரைப் படகுக்குக் கூப்பிடுகிறாரோ அவருக்குத்தான் வேலை நீடிக்கும். அழைப்பு வந்த நாளிலிருந்து குருமூர்த்தி தயாரானான். மனைவி அம்பிகாவையும் தயார் செய்தான். முள்கரண்டியை இடது கையில் பிடிக்கப் பழக்கினான். சாம்பல் நிறத்தில் ஒரு கால்சட்டை வாங்கிக் கொடுத்தான்.

அவள் வந்ததிலிருந்து டிராமில் எல்லோரும் அவள் புடவையைத்தான் பார்க்கிறார்கள். அவளைப் பார்த்த கண்கள் அடுத்து அவனிடம் வரும். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவள் கால்சட்டையில்தான் வந்தாள். ஆனால் பையில் ஒரு பட்டுப்புடவையும் வந்திருந்தது. பாதி தூரம் போனதும் அதை எடுத்து, மடிப்புக் கசங்கல் போகட்டும் என்று பின்பக்கக் கம்பியில் போட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கும்போது கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பேராசிரியரின் மனைவியோடு காபி போடக் கீழே போனாள்.

கம்பியில் இப்போது புடவை இல்லை.

பின்தளத்தில் ஓர் இரும்பு மூடி இருந்தது. அதைத் திறந்தால் கறுப்புத் தண்ணீர், அதற்கடியில் புரொப்பெல்லர். பேராசிரியர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். தோள்வரை கையை விட்டுத் துழாவினார். தண்ணீரின் குளிரில் அவர் கழுத்து சிவந்தது.

முதலில் வந்தது மாம்பழ நிறத்தில் ஒரு கிழிசல்.

குருமூர்த்திக்குக் காது இரண்டும் சுட்டன.

அதன்பின் வந்துகொண்டே இருந்தது. அவர் கத்தியால் அறுத்தார், இழுத்தார், மறுபடி அறுத்தார். இது எங்கேதான் முடியும் என்று கேட்டுச் சிரித்தார். ஆறு கஜம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சரிகை கத்திக்கு மசியாமல் தண்டில் இறுகிக் கிடந்தது. இரும்பறுக்கும் ரம்பத்தைக் கேட்டு வாங்கினார். கிடைத்த துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்து, தங்கமா என்று விசாரித்தார். வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் என்று குருமூர்த்தி ஆய்வுக்கூடத்தில் பதில் சொல்லும் குரலிலேயே சொன்னான். சொல்லிவிட்டு, அந்தக் கறுப்புத் தண்ணீரில் தானும் இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தான்.

பெரிய நிலக்கரிப் படகு ஒன்று கடந்துபோனது. அலையில் இவர்கள் படகு ஆடியது. பேராசிரியர் சறுக்கிவிடாமல் அவன் மண்டியிட்டு அவருடைய இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டான். அந்தப் படகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தெரிந்திருக்கும்.

பெண்கள் மேலே வந்தார்கள்.

அம்பிகா தளத்தில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். பிறகு காலியாக இருந்த கம்பியைப் பார்த்தாள். பேராசிரியரின் மனைவிதான் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கிரீஸைத் துடைத்து, பெஞ்சின்மேல் நீவி விரித்தாள். அம்பிகா இதைக் கட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கத்தான் காலையிலிருந்து காத்திருந்ததாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு ஜெர்மன்காரி தன் மனைவியின் புடவைக்காக அழுவாள் என்று குருமூர்த்தி எண்ணியதே இல்லை.

பேராசிரியர் எழுந்து உட்கார்ந்தார். விரல் முட்டியில் ரத்தம் கசிந்தது. இது எப்படித் தண்ணீரில் விழுந்தது என்று கேட்டார். குற்றம் சாட்டும் கேள்வி இல்லை. பின்தளத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான் என்பதால் அவனைப் பார்த்துக் கேட்டார்.

குருமூர்த்தி வாயைத் திறந்தான். இத்தனை வருடம் படித்த ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அம்பிகாவுக்குத் தெரிந்த ஜெர்மன் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு அவள் முந்திக்கொண்டாள். காற்று என்றாள். என் தப்பு, சரியாக முடிச்சுப் போடவில்லை, மன்னியுங்கள் என்றாள்.

பேராசிரியர் படகின் கொடியை ஏறிட்டுப் பார்த்தார். அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு குருமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தார். ஆமாம், இந்தக் கால்வாயில் காற்று அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவப் போனார்.

குருமூர்த்திக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று கூசியது.

அம்பிகா ஒரு துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டே அவன் பக்கத்தில் வந்து நின்றாள். பேராசிரியரின் மனைவி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு டம்ளர் காபி வேண்டுமா என்று கேட்கும் குரலில் தமிழில் சொன்னாள்:

"பையில இன்னொரு புடவை இருக்கு. அதையும் தூக்கிப் போடறதா இருந்தா, என்ஜின் நின்னிருக்கும்போதே போட்டுடுங்கோ. பாவம், அந்த மனுஷன் மறுபடியும் கையை விட்டுத் துழாவ வேண்டாம்."