மஞ்சள் கோடு

சுரங்கத் தூசியின் பாதிப்பு எதுவரை என்று ஆய்வுக்குழு போட்ட மஞ்சள் கோடு தையல்நாயகியின் வீட்டுக்கு நடுவே போனது. அடுப்படி கோட்டுக்கு உள்ளே, கூடம் வெளியே. சுவரில் மாட்டிய கருவி கோட்டுக்கு உள்ளே கேட்கும் இருமலை மட்டுமே நிவாரணக் கணக்கில் சேர்க்கும். வெளியே இருமினால் அது வெறும் சளி.

“இருமல் வந்தா அடுப்படிக்கு ஓடிருடி,” என்று மகள் பூவிழியைப் பழக்கியிருந்தாள்.

அன்று கூடத்தில் படுத்திருந்த பிள்ளைக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவள் அடுப்படி நிலைப்படியில், கோட்டின் மேலேயே விழுந்தாள். மூச்சு நின்றுவிட்டது.

விசாரிக்க வந்த அதிகாரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “விழும்போது நெஞ்சு கோட்டுக்கு எந்தப் பக்கம்மா இருந்துச்சு?”

பதில் சொல்ல வாய் திறந்தாள் தையல்நாயகி. இருமல் முந்திக்கொண்டது. மகளைக் கிடத்தியிருந்த கூடத்திலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.