காக்கலாம்

சாப்பாட்டு மேசையில் விரித்த விளையாட்டு வரைபடத்தின் மேல் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. அவளுடைய வைத்தியக்காரி பொம்மைக்கு எதிரே டிராகன் நிற்கிறது. பக்கத்திலேயே கேடயத்தோடு அவள் கணவனின் வீரன். ஆட்டத்தை நடத்தும் அவள் தம்பி விதிப்புத்தகத்தில் விரல் வைத்துப் படிக்கிறான். "பக்கத்துல நிக்கிறவங்களையும் கேடயத்தால காக்கலாம். ஆனா அடி உங்க வீரனுக்கு விழும், மாமா." கணவன் புத்தகத்தை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் பார்க்கிறான். "காக்கலாம்னுதானே போட்டிருக்கு? காக்கணும்னு இல்லையே." தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் டிராகனின் அடிக்கான பகடையைக் கையில் குலுக்குகிறான். போன வாரம் கொழுந்தன் எல்லார் முன்னாலும் அவளை வாய்க்கு வந்தபடி பேசியபோது, கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பகடை விழுவதற்கு முன்பே, அவள் தன் பொம்மையை ஒற்றை விரலால் மெல்லச் சாய்த்துவிடுகிறாள்.