சீட்டின் உயரம்

"மார்ச் 14. சீட் குழாயில் அப்பா தன் கால் உயரத்துக்குக் கீறி வைத்திருந்த கோட்டைத் துருவோடு சேர்த்துத் தேய்த்துவிட்டேன்." அன்றைய தவறை நோட்டின் முதல் வரியிலும் மறுநாள் வேலையைக் கடைசி வரியிலும் எழுதுவது சைக்கிள் பழுதுபார்க்கும் மாலை வகுப்பின் விதி. ரெஜினா முதல் வரியை எழுதிவிட்டு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருபது வருஷம் கிடந்த அப்பாவின் கியர் சைக்கிளைப் பார்த்தாள். அப்பா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அவருடைய அளவென்று மிஞ்சியிருந்தது அந்தக் கோடு ஒன்றுதான்.

"அம்மா, அப்பா எவ்ளோ உயரம்?"

அம்மா மாவுக் கையைத் தன் தலைக்கு மேல் ஒரு முழம் தூக்கிக் காட்டினாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குப் புரையேறியது.

"என்ன மதினி, பனைமரத்தையா கட்டுனீங்க? அண்ணன் என் காதுக்குத்தான் இருப்பான்."

"போங்க. வாசல் நிலையில தலை இடிக்காம ஒருநாள் உள்ள வந்திருக்காரா அவரு?"

"இடிச்சது நான், மதினி."

அம்மாவின் கை கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றது.

ரெஜினா சீட்டை அம்மா முதலில் காட்டிய கணக்குக்கு ஏற்றி உட்கார்ந்தாள். பெடல் காலுக்கு எட்டவில்லை. சித்தப்பா கணக்குக்கு இறக்கியதும் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அப்படித் தன் காலுக்கே பொருந்தியதாலேயே அது அப்பாவின் அளவென்று அவளால் நம்ப முடியவில்லை. போல்ட்டை இறுக்காமலே இறங்கிவந்து கடைசி வரியை எழுதினாள்: "நாளை, சீட் போல்ட்டை இறுக்க வேண்டும்."