முன்பக்கச் சத்தம்

எஞ்சினும் சீட்டும் இன்னும் ஏறாத பழைய காருக்கு முன்பக்க ஸ்பிரிங், சஸ்பென்ஷன் வேலையை ஒருவழியாக முடித்துவிட்டார் கணக்கு வாத்தியார். இன்றைக்கு அமுக்கிப் பார்க்கும்போது சத்தம் வந்தால் கார் பழைய இரும்புக் கடைக்கு என்பது மனைவியின் தீர்ப்பு. சாட்சிக்கு மைத்துனன் வந்திருந்தான்.

வாத்தியார் காலை மடக்கிக் குனிந்து, முழு உடம்பையும் போட்டு பம்பரை அமுக்கினார்.

"கறக்!"

"போச்சு மாமா! லாரியை வரச் சொல்லவா?"

"இருடா. உள்ளே போட்டது புது ரப்பர், கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

மறுபடி அமுக்கினார். மறுபடியும் "கறக்!" வாத்தியார் முகம் தொங்கிப்போயிற்று.

மனைவி அவரை ஒதுக்கிவிட்டுத் தானே அமுக்கினாள். கார் மெத்தை மாதிரி இறங்கி, மூச்சுக்கூட விடாமல் எழுந்தது.

"இவர் தினமும் கட்டில்லேர்ந்து எந்திரிக்கும்போது கேக்குற சத்தம்தான்டா இது. லாரியெல்லாம் வேணாம், உன் மாமா முட்டிக்குத் தைலம் வாங்கிட்டு வா!"