சத்தம் நின்ற இடம்

"தலகாணி வேண்டாம். காது தகரத்துல படணும்" என்றார்.

பின்சீட்டை மடக்கியாகிவிட்டது. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, நான் திருத்த வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் கட்டு எல்லாவற்றையும் எடுத்து வாசலில் வைத்திருந்தார். அடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைக்கூட உருவிவிட்டார். வேறெதுவும் சத்தம் போடக் கூடாது.

பிறகு என் கணவர், ஐம்பத்தாறு வயது நேசக்குமார், பனியனோடு காருக்குள் ஏறித் தலையை டிக்கிப் பக்கம் வைத்துக் கவிழ்ந்து படுத்தார். அவர் பாதம் என் சீட்டின் முதுகைத் தொட்டது.

"நாப்பதுக்கு மேல போவாத."

ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, நாலு மணி வெயிலில் கிளம்பினோம்.

அந்தச் சத்தம் ஒரு மாதமாக இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் பின்னால் எங்கோ டக் என்று ஒன்று. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முத்தையாபுரம் மெக்கானிக் பாண்டித்துரை டயரை மாற்றச் சொன்னான். கடையில் ஒவ்வொரு டயரையும் மாம்பழம் வாங்குகிறவர்போலக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பின்னால் இரண்டும் புதிதாகப் போட்டார். சத்தம் போகவில்லை. காற்றைக் குறைத்துப் பார்த்தார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். போகவில்லை.

"சத்தம் வண்டில இல்ல அண்ணாச்சி. ஒங்க காதுல இருக்கு" என்றான் பாண்டித்துரை.

"ஏலே, முப்பது வருஷமா ஹார்பர்ல கிரேன் மோட்டார் சத்தத்த வச்சே பழுது சொல்லுதவன்லே நான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்.

சத்தம் தேடுவதற்கு அவரிடம் சட்டம் உண்டு. ஏசி கூடாது. கண்ணாடியை இறக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஏரல் போகிற வழியில் நான் தும்மிவிட்டேன். "போச்சு, முதல்லருந்து வா" என்று இரண்டு கிலோமீட்டர் திருப்பச் சொன்னவர்.

அதனால் பேசாமல் ஓட்டினேன்.

ஹார்பர் ரோட்டில் அன்று லாரி குறைவு. நாலைந்து கட்டடங்கள் போக இரண்டு பக்கமும் உப்பளம், கண் கூசியது. முதல் வேகத்தடையில் டக். இரண்டாவதில் டக். மூன்றாவதிலும், நான்காவதிலும்.

ஐந்தாவதில் சத்தம் வரவில்லை.

ஆறாவதிலும் வரவில்லை. இடத்தைக் கண்டுபிடித்துக் கையால் அமுக்கிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்குப் பாண்டித்துரையிடம் போய் அவர் நிற்கப்போகும் தோரணையை நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

உறுதி செய்துகொள்ளட்டும் என்று அந்த ரோட்டில் இன்னொரு நடையும் போய் வந்தேன். கண்ணாடியில் அவர் தெரியவில்லை, தட்டையாகப் படுத்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பாதம் என் சீட்டின் முதுகில் இடித்தது. அதனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி, பின்னால் வந்து டிக்கியைத் திறந்தேன்.

காது தகரத்தில்தான் இருந்தது. கண் மூடியிருந்தது. வலது கை உடம்புக்கு அடியில்.

நான் அப்போதும் பேசவில்லை. தலையைத் தூக்குவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

மாரடைப்பு. உயிர் போய் முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்த பிறகு பாண்டித்துரை வந்து வண்டியை எடுத்துப் போனான். அடித்தகட்டில் ஒரு போல்ட் உப்புக் காற்றில் அரித்து லூசாகியிருந்ததாம். அவர் தோள் கடைசியாகச் சரிந்து கிடந்த இடத்துக்கு நேர் கீழே. மேலே பாரம் அழுத்தினால் சத்தம் வராது. வேறு போல்ட் போட்டு முறுக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது. சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று ஜெபிஷா கேட்டாள். சென்னையிலிருந்து வந்த நாளிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அடக்க ஜெபம் செய்த ஐயரிடமும்.

சொன்னார்.

நான்காவது வேகத்தடையில் ஏறி இறங்கியதும், "ஏளா, ஈவா" என்று என்னைக் கூப்பிட்டார். மெதுவாகத்தான்.

இருபத்தெட்டு வருடத்தில் அவரே தன் சட்டத்தை மீறி நான் பார்த்ததில்லை. விட்டுவிடுவேனா? வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உஷ், பேசாதிய" என்றேன்.

அதன் பிறகு அவர் பேசவில்லை.

இப்போதும் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. நான்காவது வேகத்தடை வரும்போது இடது பக்கம் பார்க்காமல் ஓட்டப் பழகியிருக்கிறேன்.

அங்கே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த வேகத்தடையே அதன் வாசலுக்காகப் போட்டதுதான்.