பஞ்சாரம் ஓடிய கதை

பொரித்து இரண்டு நாள்கூட ஆகாத குஞ்சுகளோடு செவலைக்கோழி, கவிழ்த்து வைத்த மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள் இருந்தாள். உள்ளே குஞ்சுகளுக்குத் தூவியிருந்த குருணைக்காக மற்ற கோழிகள் வெளியே சுற்றிச்சுற்றி வந்தன. அதிலும் கொண்டைக்காரி பொல்லாதவள். அடுத்தவள் குஞ்சைக் கண்டால் மண்டையில் கொத்தாமல் விடமாட்டாள்.

"நான் இருக்கேன்ல தங்கச்சி? என்னைத் தாண்டி ஒருத்தி உள்ள வரட்டும், பாப்போம்!" என்றது பஞ்சாரம்.

ஒருத்தியும் உள்ளே வரவில்லை. ஆனால் ஒரு கறுப்புக் குஞ்சு இடுக்கு வழியாக வெளியே போய்விட்டது.

"ஏண்டி செவலை, இந்தக் கரிக்கட்டை உன்னோடதா?" என்று கொண்டைக்காரி அலகைத் தீட்டிக்கொண்டு நெருங்கினாள்.

"அண்ணே, வழி விடுங்க!" என்று அலறினாள் செவலை.

"அதெப்படி? யாரையும் விடாம இருக்கறதுதானே என் வேலை?" என்றது பஞ்சாரம்.

செவலை சிறகைச் சிலிர்த்து, முதுகைக் கொடுத்து ஒரே முட்டு. மேலே வைத்திருந்த கல் உருண்டு விழ, பஞ்சாரம் அவள் முதுகின்மேல் ஒருபக்கமாக எழும்பித் தடதடவென்று ஓடியது. உள்ளேயிருந்த குஞ்சுகளும் கீச்சுக்கீச்சென்று கூடவே ஓடின.

"ஐயோ, கூடைக்குக் கால் முளைச்சிருச்சு!" என்று கொண்டைக்காரி வேலி தாண்டிப் பறந்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே. கறுப்புக் குஞ்சு மட்டும் தூக்கிய விளிம்புக்கடியில் நுழைந்து, தாயின் சிறகுக்குள் புகுந்துகொண்டது.

அதற்குப் பிறகு, சுவரோரம் வெறுமனே சாய்ந்து கிடந்தாலும் பஞ்சாரத்தைக் கண்டால் கோழிகள் ஒதுங்கியே நடந்தன.

"பாத்தியா தங்கச்சி, என்மேல எவ்வளவு பயம்!"

"பின்ன, உங்க காவல்னா சும்மாவாண்ணே?" என்று சொல்லிவிட்டு, குஞ்சுகளை அதன் நிழலிலேயே மேயவிட்டாள் செவலை.